ஒன்றாம் நம்பர் தூண் எந்தப் பக்கம்?

போன ஆடியில், கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் முடங்கிக் கிடந்தபோது அந்த போன் வந்தது. நகராட்சியில் நான் பார்த்த அதே பணி ஆய்வாளர் வேலையை இப்போது பார்க்கிற நந்தினி பேசியது.

"ஐயா, மேலக்கடைத் தெரு வீட்டு முகப்ப திரும்ப நிறுத்துறோம்ங்கய்யா. நீங்க நம்பர் போட்டு குடோன்ல அடுக்குன சாமானெல்லாம் எடுத்தாச்சு. ஒன்னாம் நம்பர் தூணு இடது பக்கமா, வலது பக்கமா?"

"லிஸ்ட்ல இருக்குமேம்மா."

"'இடமிருந்து வலம்'னு இருக்கு. அப்படி நிறுத்துனா மேல வளைவு ஒன்னோட ஒன்னு சேர மாட்டேங்குது. நீங்க எங்கன நின்னு எண்ணுனீக? தெருவுல நின்னா, வீட்டுக்குள்ள நின்னா?"

எனக்கு நினைவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். எதைப் பார்த்து, என்னத்தைச் சொல்ல? இடிக்கிற வேலையிலேயே முக்கால் சர்வீஸை ஓட்டியவன், தெருவில் நின்றேனா உள்ளே நின்றேனா என்று தெரியாமல் முழிக்கிறேன் என்றால் கேட்கிறவன் சிரிக்க மாட்டானா? எனக்கே எரிச்சலாக வந்தது. அதைவிட, அந்த வீட்டின் பேச்சு திரும்ப எழுந்துவிட்டதே என்பதுதான் தூங்க விடவில்லை.

தேனியிலிருந்து குமுளி போகிற சாலையில் எங்கள் ஊர் இருக்கிறது. பேர் வேண்டாம். இதில் வருகிறவர்கள் இன்னும் அதே தெருவில் கடைக்குப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நான் பிறந்தது லோயர் கேம்ப். ஐ.டி.ஐ. முடித்து, வருசநாட்டுப் பக்கம் தடுப்பணை வேலையில் இரண்டு வருஷம் வெயிலில் காய்ந்து, அப்புறம் நகராட்சிக்குள் நுழைந்தேன். சாக்கடை, சிமெண்ட் ரோடு, பள்ளிக்கூடக் கக்கூஸ் என்று கொஞ்ச காலம் போனது. பிறகு பாழடைந்த கட்டடங்களைப் பார்த்து, எழுதி, இறக்குகிற வேலை என் தலையில் விழுந்தது. யாரும் விரும்பாத வேலை. கட்டினவனுக்குப் பேர் வைப்பார்கள், கல்வெட்டு வைப்பார்கள்; இடிக்கிறவனுக்கு மண்ணை வாரித் தூற்றுவதுதான் மிச்சம்.

ஆனாலும் அந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கடைசியாகக் கட்டியது முதலில் இறங்க வேண்டும். ஓடு, அப்புறம் அதைத் தாங்குகிற ரீப்பர் சட்டம், அப்புறம் உத்தரம், அப்புறம்தான் சுவர். சுவரையும் மேலிருந்து வரிசை வரிசையாக எடுக்க வேண்டும். அடியில் கடப்பாரை போடுகிறவன் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன். கரண்ட் கட் பண்ணி, பைப்பை அடைத்து, ஒவ்வொரு அறையிலும் நின்று சத்தம் கொடுத்து, பூனை குட்டி போட்டிருக்கிறதா என்றுகூடப் பார்த்துவிட்டுத்தான் ஆளை ஏற்றுவது. எங்களுக்கு வழக்கமாக வருகிற மேஸ்திரிக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. வீட்டுக்காரர் தன் கையால் கூரையின் முதல் ஓட்டை எடுத்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் அவர் ஏணியில் கால் வைக்க மாட்டார். "நம்மளா எடுத்தா அது களவு சார். அவுகளா எடுத்துக் குடுத்தாத்தான் வேலை" என்பார். எத்தனையோ அவசர உத்தரவுகள் அந்த ஒரு ஓட்டுக்காக அரை நாள் காத்துக் கிடந்திருக்கின்றன.

பிறகு மேலக்கடைத் தெருவைப் பாரம்பரியப் பகுதி என்று அறிவித்தார்கள். ஏலக்காய் வியாபாரிகள் அந்தக் காலத்தில் கட்டிய வீடுகள். பலா மரத் தூண், செதுக்கிய வளைவு, பித்தளைக் குமிழ் வைத்த கதவு. இனிமேல் அங்கே ஒரு ஜன்னல் கம்பியை மாற்றவும் பாரம்பரியக் குழுவின் அனுமதி வேண்டும். ஒரே ஒரு விலக்கு இருந்தது. கட்டடம் உடனடி அபாயத்தில் இருக்கிறது என்று பணி ஆய்வாளர் சான்று கொடுத்து, பொறியாளர் ஒப்புக்கொண்டால், குழுவுக்குக் காத்திராமல் இறக்கலாம். முகப்பு மரச் சாமான்களை மட்டும் நம்பர் போட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். ஆக, அந்தத் தெருவில் எந்த வீடு நிற்கும், எது விழும் என்பது என் பேனாவில் வந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அதில் எனக்கு அப்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தச் சமயத்தில் பொறியாளராக வந்தவர் ரெஜினா மேடம். போடியில் ஜவுளிக் கடைக் குடும்பம். என்னைவிடப் பத்து வயது இளையவர். குரலை உயர்த்த மாட்டார், அளக்கச் சொந்த டேப் வைத்திருப்பார், பிளாஸ்கில் சுக்குக் காப்பி. கோப்பைக் கொண்டுபோய் வைத்தால் உடனே கையெழுத்துப் போட மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"சார், இத நீங்க பாத்தீகளா, பாத்த மாதிரி இருந்துச்சா?"

அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் சர்வீஸ் என்ன, இவர் வயசு என்ன? ஆனால் வந்த புதிதிலேயே என்னை ஒரு தடவை மடக்கிவிட்டார். பழைய பள்ளிக்கூட மாடியில் கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று கீழே நின்று பார்த்தே எழுதியிருந்தேன். ஏணியைக் கொண்டுவரச் சொல்லி என்னை ஏற வைத்தார். போய்ப் பார்த்தால் அது துரு இல்லை. எவனோ மாடியிலிருந்து துப்பிய வெற்றிலை எச்சில், காய்ந்து வழிந்திருக்கிறது! கீழே நின்ற பியூன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மேடம் சிரிக்கவில்லை. "இறங்குங்க சார், பார்த்து" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

மேலக்கடைத் தெருவில் ஒட்டி ஒட்டி நிற்கிற வீடுகளில் இரண்டு. தெருவில் நின்று பார்த்தால் இடது பக்கம் பாலுச்சாமியின் வீடு, வலது பக்கம் சௌந்தரம் அக்காவின் மாவு மில். இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தக் காலத்தில் அண்ணன் தம்பி கட்டியதாம். இரண்டு வீட்டு உத்தரமும் அந்தப் பொதுச்சுவரில்தான் உட்கார்ந்திருக்கும்.

பாலுச்சாமி குமுளி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் கட்டவில்லை. வீட்டுக்கு ஒன்பது வாரிசு. மற்ற எட்டுப் பேரும் ஊர் ஊராகப் போய்விட்டார்கள். இவர் மட்டும் பின்கட்டில் ஓர் அறையில் சமைத்துச் சாப்பிட்டுக் கிடந்தார். முன்கட்டில் மாடி ஓடு சரிந்து, மரநாய் குடியிருந்தது. சௌந்தரம் அக்கா மனுக் கொடுத்தார். பக்கத்து வீட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது, தன் மில்லின் மேல் விழப்போகிறது, தினம் நூறு பொம்பளைகள் தூக்குவாளியோடு வந்து நிற்கிற இடம், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று. நியாயமான மனு. அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே பயம்.

நான் பார்க்கப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. ஷூவைக் கழற்றாமல் நேராகக் கூடத்துக்குள் போனேன். அபாயக் கட்டடத்துக்குள் வெறுங்காலோடு போகக் கூடாது என்பது எங்கள் விதி. ஆணி கிடக்கும், ஓடு கிடக்கும். பாலுச்சாமி என் காலையே பார்த்தார்.

வெடிப்பு இருந்தது. பொதுச்சுவரும் முன்சுவரும் சேருகிற மூலையில், உச்சியிலிருந்து கோணலாக இறங்கி, விரல் நுழைகிற அளவு.

"சாரே," என்றார் பாலுச்சாமி. குமுளி லைனில் ஓடிய பழக்கத்தில் அவருக்கு 'சாரே' நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. "என் வீடு விழல. அந்த வீட்டு மச்சு இங்கிட்டுத் தள்ளுது. என் வீடுதான் முட்டுக் குடுத்து நிக்குது. தாங்குறவனுக்குத்தான் சாரே நோவு வரும்."

எல்லா வீட்டுக்காரனும் இப்படித்தான் சொல்வான். தன் வீட்டில் குறை இருக்கிறது என்று எவன் ஒப்புக்கொண்டான்? நான் தலையை ஆட்டிக்கொண்டேன்.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. அதே சுவரை மில்லுக்குள் போய் மறு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்க வேண்டும். மில் வாசல் வரைக்கும் போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே புகை மாதிரி மாவு. சுவரோரம் கோதுமை, கம்பு, மல்லி என்று மூட்டை கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. நான் அன்றைக்குப் புதுக் கறுப்புப் பேண்ட் போட்டிருந்தேன். மதியம் சின்னமனூரில் மச்சினன் பிள்ளைக்குக் காதுகுத்து. உள்ளே போனால் வெள்ளையடித்த மாதிரி வருவோமே என்று நினைத்தேன். 'புகாருக்குள்ளான கட்டடம்' என்றுதானே படிவத்தில் கட்டம் இருக்கிறது, மில்லைப் பற்றி யார் புகார் கொடுத்தார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பாலுச்சாமி வீட்டுக்கே திரும்பிவிட்டேன். ஒரு பேண்டுக்காக! நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வெடிப்பு பழசா, இன்னும் நகர்கிறதா என்று பார்க்கக் கண்ணாடி ஒட்டுவோம். படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் விரல் நீளத்துக்குக் கண்ணாடிச் சில்லு வெட்டி வாங்கி, வெடிப்புக்குக் குறுக்கே பாலம் மாதிரி வைத்து, இரண்டு முனையையும் சாந்தால் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுத வேண்டும். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். நகராவிட்டால் அப்படியே இருக்கும். கண்ணாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நாங்கள் சொல்வதுண்டு. பாலுச்சாமி பக்கத்திலேயே நின்று, நான் சாந்து குழைப்பது முதல் தேதி எழுதுவது வரைக்கும் ஒன்று விடாமல் பார்த்தார். "இது எதுக்கு சாரே? இது எத்தனை நாளைக்கு?" என்று துளைத்தெடுத்தார். பஸ்ஸில் சில்லறை கேட்கிறவனுக்குச் சொல்கிற மாதிரி கடுப்போடுதான் பதில் சொன்னேன்.

மூன்று சில்லு ஒட்டினேன். பதினைந்து நாள் கழித்துப் போனால் மூன்றும் உடைந்திருந்தன. படிவத்தில் 'கண்ணாடி உடைந்ததா' என்ற கட்டத்துக்கு எதிரே 'ஆம்' என்று எழுதினேன். சில்லுகளைப் பெயர்த்துக் கவரில் போட்டுக்கொண்டேன்.

மேடம் கோப்பைப் புரட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உடைஞ்சத பாத்தீக, சரி. எப்படி உடைஞ்சிருந்துச்சு?"

எப்படி உடைந்தால் என்ன என்று கேட்பீர்கள். வெடிப்பு விரிந்தால் கண்ணாடி நடுவில் அறுந்து இரண்டு துண்டும் விலகி நிற்கும். சுவர் நெருக்கித் தள்ளினால் கண்ணாடி நொறுங்கி ஒரு துண்டு மேல் இன்னொரு துண்டு ஏறி நிற்கும். விலகினால் வீடு தானாகச் சரிகிறது. ஏறினால் வேறு எதுவோ அதைத் தள்ளுகிறது. பாலுச்சாமி சொன்னது சரியா இல்லையா என்பது அதில் இருந்தது. எனக்கும் அது தெரியும். படித்திருக்கிறேன்.

"விலகித்தான் இருந்துச்சு மேடம்."

"பாத்தீகளா, பாத்த மாதிரி இருந்துச்சா?"

"பாத்தேன் மேடம்" என்றேன். வெடுக்கென்று சொன்னேன். வெற்றிலை எச்சில் ஞாபகம் வந்துவிட்டது.

அவர் கையெழுத்துப் போட்டார்.

பார்த்தேனா? இங்கேதான் எனக்கு இன்றுவரைக்கும் குழப்பம். அன்றைக்கு என் கண்ணில் பட்டது உடைந்தது என்பது மட்டும்தான். அதற்கப்புறம் நடந்ததை எல்லாம் நினைத்து நினைத்து, இப்போது கண்ணை மூடினால் ஒரு துண்டு மேல் ஒரு துண்டு ஏறி நிற்கிற மாதிரியே தெரிகிறது. அது நிஜமாகவே அப்படி இருந்ததா, பயத்தில் நானாக ஏற்றி வைத்தேனா, தெரியவில்லை. பெயர்த்துக் கவரில் போட்டதோடு எல்லாம் கலந்துபோயிற்று.

இறக்குகிற அன்றைக்குப் பாலுச்சாமி வரமாட்டேன் என்றார். மேஸ்திரி ஏணியை மடக்கி வைத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். போலீஸைக் கூப்பிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், பதினோரு மணிக்குப் பாலுச்சாமியே வந்தார். செருப்பை வாசலில் விட்டார். ஏணியில் ஏறி, ஓர் ஓட்டைப் பெயர்த்து, கைக்குழந்தையைப் பிடிக்கிற மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இறங்கினார். அதை மேஸ்திரி கையில் கொடுத்தார்.

"எடுத்துக்கங்கப்பா. எனக்குக் கோவம் உங்க மேல இல்ல."

யார் மேல் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

வீட்டைப் பாதுகாப்பாகத்தான் இறக்கினோம். தெருப் பக்கம் தகரம் அடித்து மறைத்தோம். தூண், வளைவு, நிலை, கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் மஞ்சள் பெயிண்டில் நம்பர் போட்டோம். பொதுச்சுவரை விட்டுவிட்டோம்; அதற்குச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்து ஒப்பந்தக்காரர் கம்புகள் வேறு வேலைக்கு வேண்டும் என்று கழற்றிக்கொண்டு போனார். சுவர் நன்றாகத்தானே நிற்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

பாலுச்சாமிக்குப் போக்கிடம் இல்லை. அவரைக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டது யார் என்று நினைக்கிறீர்கள்? மனுக் கொடுத்த சௌந்தரம் அக்காதான். "நான் வீடு விழுந்துருமேன்னுதான் எழுதிக் குடுத்தேன். மனுசன தெருவுல விடவா எழுதிக் குடுத்தேன்?" என்று மில்லின் பின்னறையை ஒழித்துக் கொடுத்தார். இவரும் மறுக்காமல் போய், மில்லில் டோக்கன் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊரே வியந்தது. எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. வீட்டுக்குக் கம்பு அரைக்க வேண்டுமென்றால் அடுத்த தெரு மில்லுக்குப் போனேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் பாலுச்சாமி ஆபீசுக்கு வந்தார். தலையெல்லாம் மாவு, அதன் மேல் மழைத் தண்ணீர். ஒரு பொட்டலத்தை என் மேஜை மேல் வைத்தார். பிரித்தால் கண்ணாடிச் சில்லு. இரண்டு துண்டு. ஓரத்தில் காய்ந்த சாந்து.

"என்ன இது?"

"நீங்க ஒட்டுனத பாத்துத்தான் ஒட்டுனேன். மூட்டைக்குப் பின்னாடி, மில்லுச் சுவத்து வெடிப்புல. என் வீட்ட எடுத்த மறுவாரமே ஒட்டிட்டேன். நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. இன்னைக்கு விடியக்காலம் பாத்தேன், நடுவுல அந்து, தீக்குச்சி நுழையிற அளவு விலகிருச்சு. அக்காவ வெளிய கூட்டிட்டு வந்து, மெயின ஆப் பண்ணி, கதவப் பூட்டிட்டேன். ஒரு பொம்பளையையும் உள்ள விடல. நீங்க வந்து பாக்குறீகளா?"

மேடமும் நானும் ஜீப்பில் ஓடினோம். தெரு முனைக்குப் போகும்போதே சத்தம் கேட்டது. பொதுச்சுவர், பாலுச்சாமியின் வீடு இருந்த காலியிடத்துக்குள் அப்படியே மல்லாந்து விழுந்தது. அதோடு மில்லின் மச்சும் இறங்கியது. மழைக்குள்ளே மாவு எழும்பியது.

"ஆத்தாடி!" என்று சௌந்தரம் அக்கா நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். கையில் மில் சாவி இருந்தது. அன்றைக்குத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால். முறுக்கு மாவுக்கு வாசல் நிறையக் கூட்டம் நின்றிருக்க வேண்டிய நேரம். தூக்குவாளிகளோடு வந்த பெண்கள் எதிர்ச்சாரியில் குடை பிடித்து நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் நான் அழுதேன். மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

தொடர் மழையால் சுவர் நனைந்து விழுந்தது என்று அறிக்கை போனது. அதில் நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். மழை பெய்தது உண்மைதானே? மேஸ்திரி, மண் சாந்துச் சுவர் நனைந்தால் தாங்காது என்றார். ஒப்பந்தக்காரர், மிஷின் அதிர்வு என்றார். வந்து பார்த்த ஒரு கல்லூரி வாத்தியார், முட்டுக் கொடுத்த வீட்டை எடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான் என்றார். மூன்று பேரும் அடித்துச் சொன்னார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது எனக்கு. மாற்றல் ஆகிப் போகிற அன்றைக்கு மேடம் என்னிடம், "நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும் சார்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாலுச்சாமி கொடுத்த பொட்டலத்தைக் கோப்பில் சேர்க்கவில்லை. சேர்த்தால் என் கவரையும் சேர்க்க வேண்டும். எப்படி உடைந்தது என்று யாராவது கேட்பார்கள். இரண்டையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஓய்வு பெறும் வரைக்கும் நல்ல அதிகாரி என்ற பெயரோடுதான் இருந்தேன்.

நந்தினி போன் செய்த மூன்றாம் நாள், டப்பாவை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். வாரிசுகள் இடத்தை நகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய முகப்பை மட்டும் நிறுத்தி, பின்னால் சின்னதாகப் பூங்கா வைக்கப்போகிறார்களாம். தூண்கள் தரையில் கிடந்தன; நந்தினி லிஸ்டோடு பக்கத்தில் நின்றது. மஞ்சள் நம்பர் மங்காமல் இருந்தது, என் கையெழுத்து. ஒன்றாம் நம்பரை இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தேன், அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"அது மில்லுப் பக்கத் தூணு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பாலுச்சாமி. நன்றாக மூத்துவிட்டார். பக்கத்தில் தகரக் கூரை போட்டு எழுந்திருக்கிற மில்லிலிருந்து மாவுத் தலையோடு வந்து நின்றார். தூணின் இடுப்பளவில் தேய்ந்திருந்த ஒரு பள்ளத்தைக் காட்டினார்.

"டூட்டிக்குப் போற சைக்கிள இதுலதான் சாத்துவேன். ஹேண்டில்பார் உரசி உரசிப் பள்ளமாயிருச்சு. அந்தப் பக்கம் சாக்கடை மூடி. அங்கன சாத்த முடியாது. தெருவுல நின்னா வலது, வீட்டுக்குள்ள நின்னா இடது. சார் உள்ள நின்னுதான் எண்ணிருக்காரு பாப்பா. தெருப் பக்கம் தகரம் அடைச்சிருந்துச்சுல்ல?"

அப்படியே நிறுத்தினார்கள். வளைவு வந்து சரியாக உட்கார்ந்தது. நான் எங்கே நின்று எண்ணினேன் என்பது எனக்கு மறந்துவிட்டது, வீட்டைப் பறிகொடுத்தவருக்கு ஞாபகம் இருக்கிறது.

டப்பாவைத் திறந்து இரண்டு பொட்டலத்தையும் நந்தினியிடம் கொடுத்தேன். "இந்த வீட்டுக் கோப்புல சேத்திரும்மா. ரெண்டாவது பாலுச்சாமி அண்ணன் ஒட்டுனது. அது விலகி உடைஞ்சது, அவுக பாத்தாக. முதலாவது நான் ஒட்டுனது."

"அது எப்படி உடைஞ்சிருந்துச்சுன்னு எழுதட்டும்ங்கய்யா?"

பாலுச்சாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னு மேல ஒன்னு ஏறியிருந்த மாதிரி இருந்துச்சுன்னு எழுது. நான் பாத்தேன்னு எழுதாத. பாக்கலன்னு எழுது. மில்லுக்குள்ளயும் போய்ப் பாக்கலன்னு எழுது."

நந்தினிக்கு ஒன்றும் புரியவில்லை, எழுதிக்கொண்டது. பாலுச்சாமி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தூணைத் தடவிக்கொண்டு நின்றார். "அது எனக்கு அன்னைக்கே தெரியும் சாரே. பேண்ட்டுல ஒரு பொட்டு மாவு இல்லையே" என்றார்.

சாயங்காலத்துக்குள் நிலையும் கதவும் ஏறிவிட்டன. ஆட்கள் வேலைச் சாமான்களைக் கழுவப் போனார்கள். பாலுச்சாமி கதவுக்கு முன்னால் போய் நின்றார். கதவுக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. எருக்கஞ்செடியும், உடைந்த செங்கலும், அதற்கு மேல் வானமும்தான். அவர் செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்தார். குனிந்து, நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கதவைத் தள்ளி, படியைத் தாண்டி உள்ளே போனார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"வாங்க சாரே. உள்ள வாங்க."

நான் என் ஷூவைப் பார்த்தேன். குனியக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு கையால் அந்த ஒன்றாம் நம்பர் தூணைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலால் மறு காலின் குதியை மிதித்து மிதித்துக் கழற்றினேன். ரொம்ப நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் அவர் உள்ளே நின்று காத்துக்கொண்டிருந்தார்.